காத்தாடி வச்ச பிளேன்ல பத்து வருசம்: மழை, காத்து, ஐஸ் எதைப் பத்தி வேணாலும் கேளுங்க

தெக்கத்திக்காத்து:
வணக்கம் மக்களே. இங்க வருசக்கணக்கா படிக்கிறவன், எழுதுனது கம்மி. நான் ஏடிஆர் 72ங்கற காத்தாடி வச்ச பயணிகள் பிளேன் ஓட்டுறேன். 2014ல கோ-பைலட்டா சேர்ந்தேன், இப்ப கேப்டன். சென்னையில இருந்து தூத்துக்குடி, சேலம், ஆந்திரா பக்கம், கர்நாடகா பக்கம்னு குட்டி ஊருக்குத்தான் என் பொழப்பு. எந்த கம்பெனின்னு மட்டும் கேக்காதீங்க.

இப்ப எழுதக் காரணம் எங்க அக்கா. ஐப்பசியில ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போகணும், நான் டிக்கெட் போட்டுத் தர்றேன்னேன், "அந்தக் காத்தாடி வச்ச பிளேன்ல நான் ஏற மாட்டேன்டா, போன தடவை குலுக்குன குலுக்கல்ல உசுரு போயிட்டு வந்துச்சு"ன்னு சொல்லிட்டு முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல போயிட்டா. தம்பி ஓட்டுற பிளேன் மேலயே அவளுக்கு நம்பிக்கை இல்லயேன்னு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சா, அவ பயந்தது நாங்க பயப்படாத விசயத்துக்கு. நாங்க நெஜமாவே பயப்படுறது எதுக்குன்னு அவளுக்கு யாருமே சொன்னதில்ல. அதை இங்க எழுதிப் பாக்கலாம்னு தோணுச்சு.

முதல்ல ஒண்ணு. காத்தாடி இருக்கறதால அது பழைய காலத்துப் பிளேன் இல்ல. உள்ள இருக்கறது ஜெட் இன்ஜின் மாதிரியே ஒரு டர்பைன், அது கியர்பாக்ஸ் வழியா ஆறு பிளேடு இருக்கற புரொப்பல்லரைச் சுத்துது, அவ்ளோதான். 1,300, 1,400 மீட்டர் ரன்வேயில இறங்கி ஏறணும், மணிக்கு 700 கிலோ எண்ணெயில 70 பேரைக் கொண்டு போகணும்னா இதை விட்டா வேற வழியே கிடையாது.

மல்லிப்பூ_மதுரை:
அண்ணா நல்ல நேரத்துல போட்டீங்க. வர்ற வெள்ளிக்கிழமை முதல் தடவையா இந்த பிளேன்ல போறேன், கூட 4 வயசு பையன். ஏன் இது மட்டும் அவ்ளோ குலுங்குது? பெரிய பிளேன்ல நாலஞ்சு தடவை போயிருக்கேன், இவ்ளோ பயம் வந்ததில்ல.

தெக்கத்திக்காத்து:
பயப்படாதீங்கம்மா, சொல்றேன். ரெண்டு காரணம்.

ஒண்ணு ரெக்கை. ஏடிஆர் முழு வெயிட்ல 23 டன், ரெக்கையோட பரப்பு 61 சதுர மீட்டர். அதாவது ஒரு சதுர மீட்டர் ரெக்கை தூக்குறது 380 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. நீங்க போன ஏர்பஸ் 320ல அதே ஒரு சதுர மீட்டர் 640 கிலோ தூக்குது. இப்ப ரோட்டுல ஒரு பள்ளம் இருக்குன்னு வச்சுக்கோங்க, லோடு ஏத்துன லாரி அதுல எறங்கி ஏறுறதுக்கும் காலி குட்டியானை எறங்கி ஏறுறதுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. பள்ளம் ஒண்ணுதான்.

ரெண்டாவது உயரம். ஜெட் 35,000 அடியில போகும். எங்களுக்கு 25,000 தான் லிமிட், சென்னை தூத்துக்குடி மாதிரி தூரத்துக்கு 16,000ல இருந்து 19,000 வரைக்கும்தான் போவோம். மேகம் இருக்கற இடத்துலயே எங்க வேலை. சாதாரண மேகம்லாம் ஜெட்டுக்குக் கீழ கிடக்கும், எங்களுக்கு மூஞ்சிக்கு நேரா நிக்கும்.

ஆனா குலுங்குறதால ரெக்கை ஒடஞ்சுடும்னு நெனைக்காதீங்க. குலுக்கல் அதிகமானா வேகத்தை 180 நாட் (பிளேன் வேகத்தை அளக்கற அலகு) அளவுக்குக் கொண்டு வந்துடுவோம், ஸ்பீடு பிரேக்கர் வந்தா கார்ல ஸ்லோ பண்ற மாதிரி. பெல்ட் போட்டிருக்கற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அடி படுறவங்க எல்லாம் பெல்ட் போடாதவங்க, இல்லன்னா சூடான காபிய கையில வச்சிருக்கறவங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், நெறைய பேரு இதுக்குத்தான் பயப்படுறாங்க. டேக்ஆஃப் ஆகிக் கொஞ்ச நேரத்துல இன்ஜின் சத்தம் டக்குன்னு குறையும். இன்ஜின் நின்னுடுச்சோன்னு பக்கத்து சீட்டுக்காரர் கையைப் பிடிப்பாரு. நிக்கல. டேக்ஆஃப்ல புரொப்பல்லர் நிமிசத்துக்கு 1,200 சுத்து சுத்தும், ஏறும்போது அதை 82 பர்சென்ட்டுக்குக் குறைப்போம், அந்தச் சத்தம்தான். பையன்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, "இப்ப சத்தம் குறையும் பாரு"ன்னு. அவன் காத்துக்கிட்டிருப்பான், பயப்பட மாட்டான்.

சேலத்துக்காரன்:
கேப்டன், எங்க ஊரு காமலாபுரம் ஏர்போர்ட் பத்தி சொல்லுங்க. ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல சேர்வராயன் மலை நிக்குது, மழை நாள்ல மலையே தெரியாது, எப்படிங்க எறங்குறீங்க?

தெக்கத்திக்காத்து:
சேலம் எனக்குப் பிடிச்ச ஏர்போர்ட்டுங்க. மலை எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியணும்னு அவசியமில்ல, எந்த எடத்துல எந்த உயரத்துக்குக் கீழ வரக்கூடாதுன்னு சார்ட்ல நம்பர் இருக்கு, அந்த நம்பர்தான் மலை. தெரியுதோ தெரியலயோ அதுக்குக் கீழ போகக்கூடாது. அப்படிப் போயும் ரன்வே தெரியலன்னா திரும்பிடணும்.

சேலத்துல கஷ்டம் சித்திரை வைகாசியில மத்தியானம்தான். பாறை சூடாகி வெக்கை மேல கிளம்பும், ரன்வேக்கு நேரா எறங்கி வரும்போது கடைசி 1,000 அடி பிளேன் ஒரு எடத்துல தூக்கும் ஒரு எடத்துல அமுக்கும். காத்துப் பக்கம்னா தூத்துக்குடி. ஆனி ஆடியில ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற மேக்காத்து அந்தப் பக்கம் பூராம் வீசும், காத்தாலை எல்லாம் அங்க சும்மாவா வச்சிருக்கான். எங்க அப்ரோச் ஸ்பீடு, அதாவது எறங்க வர்ற வேகம், 110 நாட் பக்கம், எதிர்காத்து 35 நாட் அடிச்சா தரையைப் பொறுத்தவரைக்கும் நாம 75ல தான் போறோம். கீழ ரோட்டுல போற கார் நம்ம கூடவே வர்ற மாதிரி இருக்கும். செம்மண் புழுதி பறந்து ரன்வே மேல கோடு கோடா ஓடும். ஆனா அங்க ரன்வே கெழக்கு மேக்கா கிடக்கறதால மேக்காத்து நேரா மூஞ்சிக்கு வரும், அது ஒரு புண்ணியம். கோயம்புத்தூர்லயும் அப்படித்தான், பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ரன்வே போக்குலயே வரும், வழியெல்லாம் குலுக்கும், எறங்கும்போது கூட நிக்கும்.

ரிடையர்டு_ஏர்மேன்:
தம்பி, நல்லா எழுதறீங்க. நான் விமானப்படையில டெக்னீசியனா இருந்து ரிடையர் ஆனவன், ஏஎன்-32ங்கற சரக்கு பிளேன் மேல பல வருசம் வேலை பாத்திருக்கேன். அதுவும் உங்களது மாதிரியே காத்தாடி வச்ச ரெண்டு டர்போப்ராப் இன்ஜின்தான். 2016 ஜூலை 22ம் தேதி தாம்பரத்துல இருந்து போர்ட் பிளேர் கிளம்புனது திரும்பி வரல. 29 பேர். 23,000 அடியில போய்க்கிட்டிருந்தது, மேகத்தை ஒதுக்கித் திரும்புது, அப்புறம் ராடார்ல உயரம் மடமடன்னு குறையுது, அவ்ளோதான். ஏழு வருசத்துக்கு மேல கழிச்சு 2024 ஜனவரியில சென்னைக் கடற்கரைல இருந்து 310 கிலோமீட்டர்ல, 3,400 மீட்டர் ஆழத்துல ஒடஞ்ச துண்டுகளைக் கண்டுபிடிச்சாங்க. சேதி வந்த அன்னைக்கு நான் சாப்பிடல. ஒவ்வொரு ரிவெட்டும் கையால தொட்டுப் பாத்த மெசின் வகை அது. வங்காள விரிகுடா மேல மழைக்காலத்துல போறவங்களை நெனைச்சா எனக்கு இன்னைக்கும் வயித்தைக் கலக்கும். நீங்க அந்தப் பெரிய மேகங்களை எப்படிக் கடக்கறீங்கன்னு சொல்லுங்க.

தெக்கத்திக்காத்து:
ஐயா வணக்கம். உங்களை மாதிரி ஆளுங்க கை பட்டதாலதான் நாங்க தைரியமா ஏறுறோம்.

பெரிய மேகத்தைக் கடக்கறதே கிடையாதுங்கய்யா, சுத்திப் போறதுதான். அதை நாங்க சிபின்னு சொல்லுவோம், இடி மின்னல் இருக்கற கோபுர மேகம். நம்ம பக்கம் அது 50,000 அடியும் தாண்டி நிக்கும், ஜெட்டே அதுக்கு மேல போக முடியாது. மூக்குல வெதர் ராடார் இருக்கு, மழை கம்மின்னா பச்சை, அப்புறம் மஞ்சள், அப்புறம் சிவப்பு. செவப்புல இருந்து 20 மைல் தள்ளிப் போகணும்னுதான் படிச்சிருக்கோம். ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, சின்ன வயசுல எனக்கு ஒரு மூத்த கேப்டன் காட்டிக் கொடுத்தது. கனமழை இருந்தா ராடார் அலையை அந்த மழையே தின்னுடும், பின்னாடி இருக்கறது ஸ்கிரீன்ல கறுப்பாத் தெரியும். கறுப்புன்னா காலி வானம்னு நெனைச்சுப் புது ஆளுங்க அந்தப் பக்கம் திரும்புவாங்க, அங்கதான் அதைவிடப் பெரிய மழை உக்காந்திருக்கும். அவர் அன்னைக்கு ஸ்கிரீன் மேல விரலை வச்சு, "இது காலி இல்ல, இது தெரியாத எடம்"ன்னாரு. இப்ப நான் என் எஃப்ஓங்களுக்கு, அதாவது கோ-பைலட்டுங்களுக்கு, அதே வார்த்தையைச் சொல்றேன்.

மழைக்குள்ள மாட்டுனா காக்பிட்ல சத்தம் தகரக் கொட்டகைல உக்காந்திருக்கற மாதிரி இருக்கும், ஏடிசி (கீழ இருந்து வழி சொல்ற கன்ட்ரோல் டவர் ஆளுங்க) பேசறது கேக்காது, கையைக் காட்டிப் பேசிக்குவோம். அதுகூட பரவால்ல. எனக்கு நெஜமான பயம் சத்தமே போடாத ஒண்ணு மேல. ஐஸ்.

மழைக்குருவி:
ஐஸா?! நம்ம ஊர்லயா? சென்னைல 38 டிகிரி வெயில்ல கிளம்பறவங்களுக்கு என்ன ஐஸு?

தெக்கத்திக்காத்து:
எல்லாரும் கேக்கறது இதுதான். தரையில 38 டிகிரி, ஆனா நம்ம ஊருக்கு மேல சுமார் 16,000 அடியில பூஜ்யம் டிகிரி. நான் முன்னாடி சொன்ன நம்பரைப் பாருங்க, நாங்க போற உயரம் 16,000ல இருந்து 19,000. சரியா ஐஸ் பிடிக்கிற அந்த அடுக்குலயே எங்க ரோடு. மேகத்துக்குள்ள இருக்கற தண்ணி பூஜ்யத்துக்குக் கீழ போயும் உறையாம தண்ணியாவே நிக்கும், ஏதாவது ஒரு பொருள் மேல பட்ட உடனே அப்படியே ஒட்டி உறைஞ்சிடும். அந்தப் பொருள் நம்ம ரெக்கை.

கேப்டன் ஜன்னலுக்கு வெளிய எட்டுற தூரத்துல ஒரு சின்ன முளை இருக்கு, ஐஸ் எவிடன்ஸ் ப்ரோப்னு பேரு. பிளேன்லயே ஐஸ் கடைசியா விட்டுப் போற எடம் அதுதான், அப்படித்தான் அதைச் செஞ்சிருக்காங்க. அது சுத்தமா இருந்தா ரெக்கையும் சுத்தம்னு அர்த்தம். ராத்திரில அதுக்கு ஒரு லைட்டு எரியும். கார்த்திகை மாசத்துல ஒரு ராத்திரி விஜயவாடாவுல இருந்து திரும்பி வர்றோம், மேகத்துக்குள்ள குலுக்கலே இல்ல, பட்டு மாதிரிப் போகுது, பின்னாடி எல்லாரும் தூங்குறாங்க. நான் அந்த முளையைப் பாக்கறேன், முதல்ல உப்புத் தூவுன மாதிரி இருந்துச்சு, ரெண்டு நிமிசத்துல தேங்காத்துருவல் அப்புன மாதிரி ஆயிடுச்சு. ஸ்பீடு 4 நாட் கொறஞ்சிருக்கு. 4 நாட்னா ஒண்ணுமே இல்ல, ஆனா பவரை யாரும் தொடலயே, அப்ப அந்த 4 எங்க போச்சு?

ரெக்கை முன்விளிம்புல கறுப்பு ரப்பர் பட்டை இருக்கும், அது காத்து ஊதி உப்பிச் சுருங்கி ஐஸை ஒடச்சுத் தள்ளும். புரொப்பல்லருக்குக் கரண்டு சூடு. எல்லாம் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஆனா அடைஞ்சு போன மேகத்துல மிசின்கிட்டயே எல்லாத்தையும் விட்டுட்டு உக்காரக்கூடாது. ஏடிசிகிட்ட கேட்டு 13,000க்கு எறங்கிட்டோம், பத்து நிமிசத்துல அந்த முளை கழுவி விட்ட மாதிரி ஆச்சு. பின்னாடி தூங்குன யாருக்கும் தெரியாது. எங்க அக்கா அந்த ஃபிளைட்ல வந்திருந்தா "இன்னைக்குத்தான்டா நல்லா ஓட்டுன"ன்னு சொல்லியிருப்பா.

அமெரிக்காவுல 1994 அக்டோபர் 31, ரோஸ்லான்ங்கற எடத்துல ஒரு ஏடிஆர் 72 விழுந்து 68 பேர் போனாங்க. எறங்க வரிசையில காத்திருந்து சுத்திக்கிட்டே இருந்தப்ப பெரிய பெரிய உறைதுளி விழுந்து, ரப்பர் பட்டை எட்டாத எடத்துல, அதுக்குப் பின்னாடி ஐஸ் மேடு கட்டிடுச்சு, ஐலெரான் (பிளேனைச் சாய்க்கற ரெக்கை நுனி மடிப்பு) தானா ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. அதுக்கப்புறம்தான் அந்தப் பட்டையை அகலமாக்குனாங்க, எங்களுக்கான விதியெல்லாம் மாறுச்சு. இப்ப இருக்கற ஏடிஆர்ல வேகம் இருக்கவேண்டியதைவிடக் குறைஞ்சாலே எச்சரிக்கை வரும். அப்படியும் 2024 ஆகஸ்ட் 9ம் தேதி பிரேசில்ல, வின்யெடோங்கற ஊர்ல, கடுமையான ஐஸ் இருக்கும்னு முன்னாடியே சொல்லியிருந்த வானத்துல ஒரு ஏடிஆர் ஸ்டால் ஆகி தட்டாமாலை சுத்திக்கிட்டே கீழ வந்துச்சு, 62 பேர். ஸ்டால்னா இன்ஜின் நிக்கறது இல்ல, ரெக்கை தூக்கறதை நிறுத்திடறது. அந்த வீடியோவை நான் ஒரே ஒரு தடவைதான் பாத்தேன், முழுசாப் பாக்கல.

பலாலி_ரோட்:
வணக்கம் அண்ணை, யாழ்ப்பாணத்தில இருந்து. சென்னை பலாலி பிளேனில நாலைஞ்சு தரம் வந்திருக்கிறன். 2019 நவம்பரில தொடங்கினது, கொரோனாவோட நிண்டு 2022 டிசம்பரில திரும்பத் தொடங்கேக்க என்ர அம்மாவை வேலூருக்கு வைத்தியத்துக்குக் கொண்டு போனனான். அதுக்கு முந்தி கொழும்புக்கு ராத்திரி முழுக்க பஸ்ஸில போய், அங்க இருந்து பிளேன் எடுக்க வேணும். ஏலாத ஆளைக் கொண்டு போறவைக்குத்தான் அந்தச் சின்னப் பிளேனின்ர அருமை தெரியும். ஒருக்கா மார்கழியில கடலுக்கு மேல நல்லா ஆட்டினது, அம்மா கந்தசஷ்டிக் கவசம் முழுக்கச் சொல்லி முடிச்சிட்டா. நீங்கள் எழுதினதை அவவுக்கு வாசிச்சுக் காட்டினனான், "அந்தத் தம்பியைக் கவனமா ஓட்டச் சொல்லு" எண்டவ.

தெக்கத்திக்காத்து:
அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. சொன்னதை மறக்க மாட்டேன்.

கணக்கு_வாத்தியார்:
எல்லாம் சரி சார். ஆனா ஒரு கேள்வி கேக்கறேன், கோவப்படாதீங்க. ரெண்டு வருசம் முன்னாடி சென்னையில இருந்து தூத்துக்குடி போன ஃபிளைட், மழைன்னு சொல்லி ரெண்டு தடவை சுத்திட்டு மதுரையில கொண்டு போய் எறக்குனாங்க, நானும் அதுல இருந்தேன். ரெண்டாவது தடவை ரன்வே என் ஜன்னல்ல நல்லாத் தெரிஞ்சுது சார். தரைக்குக் கிட்ட வந்துட்டு மேல தூக்கிட்டாங்க. அப்புறமா வந்த வேற ஒரு ஃபிளைட் அங்க எறங்குச்சுன்னும் கேள்விப்பட்டேன். அப்ப இது பைலட்டோட தைரியத்தைப் பொறுத்த விசயம்தானே?

தெக்கத்திக்காத்து:
சார், கோவம் இல்ல. அது என் ஃபிளைட்டா இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். அதே மாதிரி ஒரு நாள் எனக்கும் நடந்துச்சு, அதைச் சொல்றேன். இந்த இழையை ஆரம்பிக்கும்போதே இதைச் சொல்லணும்னுதான் இருந்தேன், எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல.

ஐப்பசி கடைசி. காலைல 11.30க்குச் சென்னையில கிளம்பறோம். போர்டிங்ல பின்வாசல்ல (ஏடிஆர்ல பின்னாடிதான் ஏறணும், முன்னாடி லக்கேஜ்) கேபின் பொண்ணு என்கிட்ட வந்து, "சார், 9ம் நம்பர் சீட்ல ஒரு அம்மா அழுதுக்கிட்டே இருக்காங்க, அவங்க அம்மா தவறிட்டாங்களாம், 4 மணிக்கு எடுக்கறாங்களாம்"ன்னு சொல்லுச்சு. எட்டிப் பாத்தேன். அம்பது வயசு இருக்கும். மடியில ஒரு ஜவுளிக்கடை கவர், அதை ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தாங்க. கோடித்துணி. மக எடுத்துட்டுப் போற சேலை.

அதைப் பாக்காம இருந்திருக்கலாம்னு பின்னால எத்தனையோ தடவை நெனைச்சிருக்கேன்.

தூத்துக்குடிக்கு ஒரு மணி சுமாருக்கு வந்துட்டோம். வடகிழக்குப் பருவமழை, கடல்ல இருந்து மழை வரிசை வரிசையா வந்துக்கிட்டிருக்கு, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல பத்துப் பதினஞ்சு நிமிசம் வெளிச்சம். முதல் அப்ரோச், மினிமம் உயரம் (ரன்வே தெரியாம அதுக்குக் கீழ போகக்கூடாது) வந்தாச்சு, வெளிய பாலுல முக்குன மாதிரி இருக்கு. கோ அரவுண்ட், அதாவது எறங்காம திரும்ப மேல ஏறிடறது. இதுல யோசிக்கவே ஒண்ணுமில்ல. மேல போய் இருபது நிமிசம் சுத்துனோம். எண்ணெய்க் கணக்கு எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும்: எறங்க வேண்டிய ஊருக்கு இவ்ளோ, அங்க முடியலன்னா மதுரைக்கு இவ்ளோ, அதுக்கும் மேல அரை மணி நேரத்துக்குத் தொடக்கூடாத எண்ணெய். மதுரைக்குப் போறதுக்கான அளவு வந்துட்டா அதுக்கப்புறம் சுத்த முடியாது. இன்னொரு தடவை முயற்சி பண்ண மட்டும் இருந்துச்சு.

ரெண்டாவது தடவை ரன்வே தெரிஞ்சுது. நீங்க சொல்றீங்களே சார், ஜன்னல்ல தெரிஞ்சுதுன்னு, எனக்கு முன் கண்ணாடியிலயே தெரிஞ்சுது, வைப்பர் அடிக்க அடிக்க ரெண்டு பக்க லைட்டும் தெரிஞ்சுது. மனசு லேசாச்சு. அந்த அம்மா முகம் வந்துச்சு, மணி 1.40, இப்ப எறங்குனா 3 மணிக்குள்ள வீட்டுக்குப் போயிடுவாங்க. 300 அடி. அப்ப காத்து மாறுச்சு. முன்னாடி இருந்து வந்துக்கிட்டிருந்த காத்து சட்டுன்னு பின்னாலிருந்து தள்ளுது, ஸ்பீடு 15 நாட் விழுது, நான் பவர் குடுக்கறேன், உடனே 15 கூடுது, பிளேன் ரன்வே கோட்டை விட்டு வலப்பக்கம் நழுவுது. மழையோட முன்னங்கால் தரையில எறங்கி நாலா பக்கமும் காத்தைத் தள்ளுற நேரம் அது. இதெல்லாம் மூணு நாலு செகண்டு.

நான் சரி பண்ணிக்கிட்டிருந்தேன். சரி பண்ணிடலாம்னு நெனைச்சேன். பக்கத்துல இருந்த எஃப்ஓ, 26 வயசுப் பொண்ணு, சத்தமா "கோ அரவுண்ட்"ன்னு சொல்லுச்சு. காக்பிட்ல ரெண்டு பேர்ல யாரு சொன்னாலும் அது கட்டளை, கேப்டனா இருந்தாலும் திருப்பிப் பேசக்கூடாது. சொன்ன அந்த நொடில என் கை பவர் லீவர் மேலதான் இருக்கு, ஆனா தள்ளல. அரை செகண்டு இருக்கும். அந்த அரை செகண்டு நான் எதுக்கு யோசிச்சேன்னு எனக்குத் தெரியும். அப்புறம் தள்ளுனேன், ரெக்கை ஃப்ளாப் ஒரு படி உள்ள, சக்கரம் மேல, திரும்ப ஏறிட்டோம். அந்தப் பொண்ணு குரல் நடுங்கல, எனக்குத்தான் மேல போனதுக்கப்புறம் கை நடுங்குச்சு.

தைவான்ல மாகோங்ங்கற தீவுல 2014 ஜூலை 23, புயல் கடந்து போன சாயங்காலம் ஒரு ஏடிஆர் எறங்க வந்துச்சு. ரன்வே தெரியல, மினிமம் 330 அடி, தெரியாமலே அதுக்குக் கீழ எறங்கித் தேடிக்கிட்டே போனாங்க. 58 பேர்ல 48 பேர் செத்துட்டாங்க. பிளேன்ல ஒரு கோளாறும் இல்ல. அந்த ரிப்போர்ட்டை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாடியும் நான் எடுத்துப் படிப்பேன். அந்த பைலட்டுங்க மோசமானவங்க இல்ல சார். எறங்கணும்னு ஆசைப்பட்டவங்க. எனக்கு சிபியை விட, ஐஸை விட, இந்த ஆசை மேலதான் பயம்.

அப்புறம் வந்த ஃபிளைட் எறங்கிடுச்சேன்னு கேட்டீங்க. எறங்கியிருக்கும், ரெண்டு மழைக்கு நடுவுல வந்த வெளிச்சம் அவங்களுக்குக் கெடைச்சிருக்கும். அவங்களும் சரி, நாங்களும் சரி. அதே நாள், அதே பிளேன், இன்னொரு தடவை அந்த 300 அடியில என்னைக் கொண்டு வந்து விட்டாலும் நான் தூக்கத்தான் செய்வேன். அந்த அரை செகண்டு இல்லாம.

கணக்கு_வாத்தியார்:
சார், படிச்சதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. அன்னைக்கு மதுரையில எறங்குனப்ப நான் பைலட்டைப் பாத்துக் கத்துனவங்கள்ல ஒருத்தன். உங்க ஃபிளைட்டோ வேறயோ, மன்னிச்சுக்கோங்க.

தெக்கத்திக்காத்து:
அதெல்லாம் வேணாம் சார். நானும் அந்தப் பக்கம் உக்காந்திருந்தா கத்தியிருப்பேன். எங்க கம்பெனி அன்னைக்கு ஒரு பஸ் ஏற்பாடு பண்ண ரெண்டு மணி நேரம் ஆச்சு, அந்தக் கோவம் நியாயம்தான். பைலட் எடுத்த முடிவு சரியா இருந்தா மட்டும் போதாது, எறக்கி விட்ட எடத்துல ஜனங்களைப் பாத்துக்கணும், அதை நான் எழுத்துலயே குடுத்திருக்கேன்.

ரிடையர்டு_ஏர்மேன்:
அந்தப் பொண்ணுக்கு என் சல்யூட். கேப்டனைப் பாத்து அந்த வார்த்தையைச் சொல்ல எங்க காலத்துல தைரியம் வராது தம்பி.

தெக்கத்திக்காத்து:
உண்மைதாங்கய்யா. இப்ப அந்தப் பொண்ணும் கேப்டன் ஆகப் போகுது, கமாண்ட் ட்ரெய்னிங்ல இருக்கு.

மல்லிப்பூ_மதுரை:
அண்ணா நாங்க போயிட்டு வந்துட்டோம்! போகும்போது நல்லா ஆடுச்சு, வரும்போது ஒண்ணுமில்ல. பையன் ஜன்னல் சீட், "அம்மா இப்ப சத்தம் குறையும்"னு அவனே சத்தமாச் சொன்னான், முன் சீட்டுல இருந்த தாத்தா திரும்பிப் பாத்து "எப்படிடா தெரியும்"னாரு. ரெக்கை மேல இருக்கறதால சக்கரம் வயித்துல இருந்து வெளிய வர்றது அப்படியே தெரிஞ்சுது, அதைத்தான் ரெண்டு நாளா வரைஞ்சுக்கிட்டிருக்கான். ஆனா அண்ணா, நான் அந்த அம்மாவையே நெனைச்சுக்கிட்டிருக்கேன். அந்தச் சேலையோட போனவங்க. அவங்க போய்ச் சேந்தாங்களா? பாத்தாங்களா?

தெக்கத்திக்காத்து:
யாராவது கேப்பீங்கன்னு தெரியும்.

மதுரையில எறங்குனப்ப மணி 2.15. எல்லாரும் என்கிட்ட சத்தம் போட்டாங்க, அவங்க மட்டும் ஒண்ணுமே சொல்லல, படியில நின்னு "எனக்காகக் கொஞ்சம் வச்சிருப்பாங்களா தம்பி"ன்னு என்னைக் கேட்டாங்க. பொம்பளப் பிள்ளைக்காக எவ்ளோ நேரம் வைப்பாங்கன்னு அவங்களுக்கே தெரியும், எனக்கும் தெரியும். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேணாம்னு என் பணத்துல ஒரு டாக்சி பிடிச்சு அனுப்பிச்சேன். மழை, வழியெல்லாம் தண்ணி. தாமிரபரணிக் கரையோரம் அவங்க ஊரு.

ராத்திரி டிரைவர் போன் பண்ணாரு. போய்ச் சேரும்போது ஆறு ஆகப் போகுதாம், வீட்டுல இருந்து எடுத்துட்டாங்களாம். அந்த அம்மா வீட்டுல எறங்கவே இல்லையாம், ஆத்தங்கரைக்கு விடுங்கன்னுட்டாங்களாம். பொம்பளைங்க அங்க போற வழக்கம் கெடையாதுன்னு யாரோ தடுத்தாங்களாம், அண்ணன்காரர் வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாராம். மழைக்காகத் தார்ப்பாய் கட்டிக் காத்திருந்ததால இன்னும் தீ வைக்கலையாம். கவரோட கொண்டு போன சேலையைப் பிரிச்சு அவங்களே போத்துனாங்களாம்.

நாளைக்குக் காலைல 4.30 ரிப்போர்ட்டிங், சேலம் போயிட்டு வரணும். வந்து மீதிக் கேள்விக்குப் பதில் போடறேன்.